வயிற்றுப் பூச்சி முதல் காதுக்குள் போன உண்ணி வரை: மலைநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். டொக்டர் இல்லை. ஆனாலும் பெற்றோர் கூட்டம் முடிந்தால் கொஞ்சம் ஒதுங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, "சேர், ஒன்னு கேக்கணும்" என்று யாராவது வருவார்கள். பாதிக்கு மேல் பூச்சி, பேன், சொறி பற்றிய கேள்விகளாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வருமா?

வராது. சீனி பல்லைக் கெடுக்கும், பூச்சியை உண்டாக்காது. புழு முட்டையிலிருந்துதான் வரும். அந்த முட்டை பெரும்பாலும் மனித மலத்திலிருந்துதான் வந்திருக்கும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் விஷயம் இதுதான்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் பூச்சிக்கு அடையாளம் இல்லை. என் அப்பாயி சாகும்வரை இதை ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் எந்தப் புழு எந்த வழியாக வருகிறது?

நம் பக்கம் பெரும்பாலும் நான்கு புழுக்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அவை வரும் வழிகள் வேறு வேறு.

வட்டப்புழுவை, அதாவது நாக்குப் பூச்சியை, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு சாண் நீளம், சில வேளை அதற்கும் கூட. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது. ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். முதிர்ந்த முட்டை மண்ணில் வருஷக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். பிள்ளையின் நகக்கண், கழுவாத கரட், முற்றத்தில் விழுந்த பிஸ்கட் என்று ஏதாவதொரு வழியில் வாய்க்குப் போகும். குடலில் பொரித்த குஞ்சு நேரே அங்கேயே தங்குவதில்லை. இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வரும். எதற்காக இந்த ஊர் சுற்றல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கும் வியப்புத்தான்.

சாட்டைப்புழுவும் வாய் வழியாகவே வருகிறது, ஆனால் சிறியது. கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை. கையிலிருந்து வாய், படுக்கையிலிருந்து கை என்று வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

நான்காவது கொக்கிப்புழு. பாடப்புத்தகத்தில் கொளுக்கிப்புழு என்று படித்திருப்பீர்கள். அது வாய்க்காகக் காத்திருப்பதில்லை, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்.

கொக்கிப்புழுவைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

நம் பெண்களின் இரத்தத்தில் கை வைத்த புழு அது. ஒரு சென்ரிமீற்றர் நீளம்தான். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு நாள் முழுக்க இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது சொட்டுக்கும் குறைவு. நூறு புழு, வருஷக்கணக்கில் என்று கணக்குப் போட்டால் புரியும். மாதவிடாய், பிள்ளைப்பேறு, கீரையும் இறைச்சியும் குறைந்த சாப்பாடு எல்லாம் இதோடு சேரும்போது உடம்பில் இரும்புச்சத்து நிற்பதே இல்லை. மேட்டு மலைக்கு ஏறும்போது மூச்சு வாங்குவது, கண் இமையின் உட்புறம் வெளிறிப் போவது, எப்போதும் ஒரு அசதி. "இவளுக்குச் சோம்பல்" என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரத்தம் இல்லாமல் நடந்தவர்களோ!

கொழுந்து மலையில் இந்தப் புழு எப்படிப் பரவும் என்பதை யோசித்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன பெண் பின்னேரம் வரை அங்கேதான். பக்கத்தில் மலசலகூடம் இல்லாவிட்டால் அவசரத்துக்குத் தேயிலை மரத்துக்குப் பின்னால்தான் ஒதுங்க வேண்டும். மரத்தடியில் நிழல், ஈரம், உக்கிய இலை எல்லாம் இருக்கின்றன. புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரத்துக்குள் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அடுத்த சுற்றுக் கொழுந்துக்கு அதே நிரையில் வெறுங்காலோடு இன்னொருத்தி வருவாள். காலில் அரிப்பும் சிறு சிவப்புப் பொரியலும் வந்தால் "சேத்துப் புண்" என்று விட்டுவிடுவோம். அது புழு நுழைந்த இடமாகவும் இருக்கலாம்.

இதற்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தைமோல், செனோப்போடியம் எண்ணெய் போன்ற கடுமையான மருந்துகளைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். புழு போனது, ஆனால் மறுபடி வந்தது. மருந்து கொடுத்தால் ஆள் வேலைக்கு வருவான் என்பதில் துரைமாருக்கு இருந்த அக்கறை, மலசலகூடத்துக்குக் காசு போடுவதில் இருக்கவில்லை. கூரை ஒழுக ஒழுகத் தரையைத் துடைத்த கதைதான். நூறு வருஷத்துக்குப் பிறகும் மலையில் ஒதுங்க இடமில்லாத தோட்டங்கள் இருக்கின்றன. குளிசையை, அதாவது மாத்திரையை, பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் மலசலகூடத்தைப் பற்றிக் கேட்பது இதனால்தான்.

நுவரெலியா குளிரிலும் இந்தப் புழு இருக்குமா?

உயரம் கூடக் கூடக் குறையும். கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணில் வளர சூடும் ஈரமும் இரண்டும் வேண்டும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்கள் அதற்கு வாய்ப்பான இடம், உச்சிக் குளிர் அவ்வளவு வாய்ப்பில்லை. வட்டப்புழு முட்டை அப்படி இல்லை, குளிரையும் தாங்கும். "எங்கள் தோட்டம் மேலே இருக்கிறது, பூச்சி வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

பிள்ளை மண் தின்கிறது. அதனால்தான் பூச்சியா, பூச்சியால்தான் மண் தின்கிறதா?

இரண்டும் நடக்கும். மண்ணோடு முட்டை உள்ளே போகலாம். அதேபோல் இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று கேட்கும். கர்ப்பிணிகளிடமும் இதைக் காணலாம். பிள்ளைக்கு அடி போடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் ஏறவில்லை. ஏன்?

எதோடு போடுகிறீர்கள்? நாம் தேயிலை தேசத்து ஆட்கள், சோறு இறங்குமுன் பிளேன்டீ இறங்கிவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு குளிசை போட்டால் நன்றாகச் சேரும். கிளினிக்கில் கல்சியம் குளிசையும் தந்திருந்தால் அதை வேறு நேரத்துக்கு வையுங்கள், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் இரும்புக்கு நட்டம். இதெல்லாம் செய்தும் ஏறாவிட்டால் பூச்சியா, வேறு காரணமா என்று டொக்டர்தான் பார்க்க வேண்டும்.

பூச்சி மருந்து எப்படிக் கொடுப்பது? வெறும் வயிற்றிலா? பேதிக்கும் குடிக்க வேண்டுமா?

முதலில் ஒரு சொல் பற்றி. "பூச்சி மருந்து" என்று சொல்லாதீர்கள், "பூச்சிக் குளிசை" என்று சொல்லுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் நஞ்சுக்கும் அதே பெயர்தான், அதுவும் பல வீடுகளில் அதே தட்டில்தான் இருக்கிறது. தயவுசெய்து எட்டாத இடத்தில், தனியாகப் பூட்டி வையுங்கள்.

இப்போது கொடுப்பது பெரும்பாலும் மெபென்டசோல் 500 மில்லிகிராம் அல்லது அல்பென்டசோல் 400 மில்லிகிராம், ஒரே தடவை. பட்டினி கிடக்கவோ விளக்கெண்ணெய் குடிக்கவோ தேவையில்லை. அது பழைய மருந்துகளின் காலத்துப் பழக்கம். சின்னப் பிள்ளை என்றால் நசுக்கிக் கொடுங்கள். குளிசையை அப்படியே வாயில் போட்டு, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தால் மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். ஒரு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. இரண்டு வயதுக்குள் அளவு மாறும் என்பதால் மிட்வைஃப் மிஸ் சொல்கிறபடி செய்யுங்கள்.

"குடிச்சும் ஒன்னும் விழல சேர்" என்பார்கள். விழுந்தால்தான் மருந்து வேலை செய்தது என்று இல்லை. பல புழுக்கள் குடலுக்குள்ளேயே செத்துச் சிதைந்து போகும். இன்னொன்று, எல்லாப் புழுவும் ஒரே குளிசைக்கு ஒரேமாதிரி அடங்காது. வட்டப்புழு சுலபமாகப் போகும். கொக்கிப்புழுவுக்கு அல்பென்டசோல் கூடுதலாக வேலை செய்யும். சாட்டைப்புழு ஒரு குளிசைக்கு மசியாத பிடிவாதக்காரன். அதனால்தான் கிளினிக்கிலும் பாடசாலையிலும் காலம் தவறாமல் மறுபடி மறுபடி கொடுக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டியதில்லை.

கர்ப்பமாக இருப்பவர் போடலாமா?

முதல் மூன்று மாதத்தில் கூடாது. அதற்குப் பிறகு தாய்மார் கிளினிக்கிலேயே தருவார்கள், பயப்படாமல் போடுங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் உறுதியாகத் தெரியாது என்றால் அதைச் சொல்லிவிட்டே குளிசையை வாங்குங்கள்.

பிள்ளை வாந்தி எடுத்தபோது புழு வந்தது. ஆபத்தா?

பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். எனக்கே ஆறு வயதில் காய்ச்சலோடு வந்தது. லயத்தில் ஏழு காம்பராவும் கூடிவிட்டது. காய்ச்சலில் வட்டப்புழு நிலைகொள்ளாமல் நகர்வதுண்டு, வாய் மூக்கு வழியாகவும் வரும். அமைதியாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனால் போதும். ஆனால் வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல், விட்டுவிட்டு வலித்து, வாந்தி நிற்காவிட்டால் புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் பூச்சிக் குளிசை கொடுக்காதீர்கள். எந்த வாகனம் கிடைக்கிறதோ அதில் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரவில் பிள்ளைக்குப் பின்பக்கம் அரிக்கிறது. தூங்க மாட்டேன் என்கிறது.

கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். இரவில் பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை சொறியும், முட்டை நகத்தில் ஏறும், காலையில் அந்தக் கையே வாய்க்குப் போகும். ஒரே பாயில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். குளிசை வளர்ந்த புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும் என்பதால்தான் இந்த இரண்டாம் தடவை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், காலையில் எழுந்ததும் கழுவிவிடுங்கள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் போகும் பிள்ளை என்றால் ஆயம்மாவிடமும் சொல்லுங்கள். இது வெட்கப்பட ஒன்றுமில்லை, சுத்தமான வீட்டிலும் வரும்.

பீலித் தண்ணி மலையிலிருந்து வருவதுதானே, சுத்தம்தானே?

மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், ஜில்லென்றும் இருக்கும். ஆனால் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது? இன்னொரு லயம், மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம். ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வந்தால் வயிறு பொருமும், அழுகிய நாற்றத்தோடு எண்ணெய்ப்பசையாய்க் கழியும், பிள்ளை மெலிந்துகொண்டே போகும். அமீபா வேறு ரகம். அது குடலைப் புண்ணாக்கி, சளியும் இரத்தமுமாகச் சீதபேதியைக் கொண்டுவரும். சில வேளை ஈரலுக்கு ஏறிச் சீழ் வைக்கும். இரண்டுக்கும் டொக்டர் தருவது அநேகமாக மெற்றோனிடசோல். அதைக் குடித்து முடிக்கும் வரையும், முடித்து மூன்று நாளைக்கும் சாராயம் தொடக்கூடாது.

தண்ணீருக்கு நல்ல வழி கொதிக்க வைப்பதுதான். சாதாரணமாகப் போடும் குளோரீனுக்கு ஜியார்டியா இலகுவில் சாகாது. ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டான்: "மேலே போகப் போகத் தண்ணி சீக்கிரம் கொதிக்குமே சேர், அப்ப கிருமி சாகுமா?" நல்ல கேள்வி. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஒட்டுண்ணி சாக அது தாராளம். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விடுங்கள். பிறகு மூடி வையுங்கள், கையை விட்டு மொள்ளாதீர்கள்.

கரட்டை ஓடையில் கழுவித்தானே லொறியில் ஏற்றுகிறார்கள்?

மண் போகக் கழுவுவது விலைக்காக. அந்த ஓடைத் தண்ணீரில் என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவுங்கள். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து மடிப்புக்குள் கழுவுங்கள். வல்லாரை, சலாது இலைகளை ஒவ்வொன்றாக. உப்புத் தண்ணியில் ஊறப்போட்டால் வட்டப்புழு முட்டை செத்துவிடும் என்பது நம்பிக்கைதான். அதன் ஓடு தடித்தது, உப்பும் வினாகிரியும் அதை ஒன்றும் செய்யாது. சமைத்தால் கவலையில்லை.

சொறிக்கு மருந்து பூசினோம், மறுபடி வந்துவிட்டது.

சொறியை உண்டாக்குவது தோலுக்குள் வளை தோண்டும் சிற்றுண்ணி. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இரவில் கூடுதலாக அரிக்கும். பேர்மெத்திரின் கிறீமோ பென்சைல் பென்சோவேற்றோ, எது தந்தாலும் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் மற்ற இடத்து உண்ணி சிரிக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே இரவில், பிறகு ஒரு வாரம் கழித்து மறுபடியும். மழைக்காலத்தில் போர்வை துவைத்துக் காயப்போட வழி இல்லையே என்பார்கள், நியாயம்தான். இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பையில் ஒரு வாரம் போட்டு வையுங்கள், மனித உடம்பு இல்லாமல் உண்ணி பிழைக்காது. மருந்துக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம், அதற்காகத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

பேனுக்கு ஒரே ஒரு வார்த்தை: மண்ணெண்ணெய் வேண்டாம். அடுப்படியில் அந்தத் தலையோடு உட்காரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஈரத் தலையில் பேன் சீப்பால் இரண்டு வாரம் விடாமல் வாருங்கள்.

காதுக்குள் ஏதோ ஊர்கிறது, வலிக்கிறது. உண்ணியாமே?

இருக்கலாம். இலங்கையில் காதுக்குள் உண்ணி போவது அபூர்வமில்லை. ஈர்க்குச்சி, கொண்டை ஊசி எதையும் விடாதீர்கள். உண்ணியின் தலை அறுந்து உள்ளே நிற்கும், செவிப்பறையும் கிழியலாம். ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள். உடம்பில் வேறெங்காவது கடித்திருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுட வேண்டாம்.

உண்ணி கடித்த பிறகு வரும் காய்ச்சலை மலைநாட்டவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கண்டிப் பக்கமும் மத்திய மலைகளிலும் உண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. அதைத் தருவது ஒட்டுண்ணி அல்ல, ரிக்கெற்சியா என்ற பக்டீரியா. உண்ணி வெறும் வாகனம். காய்ச்சல், கடும் தலைவலி, மூட்டுவலி, சில நாளில் உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளி. டெங்கு என்றே நினைக்கத் தோன்றும். டொக்சிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலும் சீக்கிரமே காய்ச்சல் விடும். ஆகவே காய்ச்சலுக்குப் போகும்போது நாய், மாடு வளர்க்கிறீர்கள் என்பதையும் புல்லறுக்கப் போனதையும் நீங்களாகவே சொல்லுங்கள்.

மலேரியா போய்விட்டதுதானே?

2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிய நிலை நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாடு இது. அந்த வருஷம் மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாய்த் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. உயர்ந்த மலைப்பகுதிகள் குளிரால் தப்பின, அடிவாரங்கள் மாட்டிக்கொண்டன.

இப்போது ஆபத்து பயணத்தில் வருகிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்து காய்ச்சல் வந்தால், சபரிமலை யாத்திரையாக இருந்தாலும் சரி, "போய் வந்தேன்" என்று டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் இலவசமாகத் தடுப்புக் குளிசையும் கேட்கலாம். யானைக்கால் நோயும் நம் கரையோரத்து நோய்தான். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து அது நீங்கியதாக 2016 இலேயே உறுதிப்படுத்தப்பட்டது.

நாய் பூனையிடமிருந்து பூச்சி வருமா?

வரும். நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு நம் தோலுக்குள் வழி தெரியாமல் அலைந்து, கோடு போட்டது மாதிரிச் சிவந்த தடம் விடும். நுளம்பு வழியாக நாயின் இன்னொரு புழு வந்து தோலடியிலோ கண்ணிலோ சிறு கட்டியாய்த் தெரிவதும் உண்டு. பூனை மலம் கிடக்கும் மண்ணைக் கர்ப்பிணிகள் கிளறக்கூடாது. வளர்ப்பதை விட வேண்டாம், அவற்றுக்கும் பூச்சிக் குளிசை கொடுங்கள்.

கடைசியாக, அட்டை. இவ்வளவு கடிக்கிறதே, நோய் வராதா?

"அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் நாடும்" என்பார்கள். நம் மலையில் செத்தைக்குக் குறைவில்லை. இரத்தம் குடிப்பதால் அதுவும் ஒட்டுண்ணிதான். ஆனால் மற்றவைபோல நோயைக் கொண்டுவந்து நமக்குக் கொடுப்பதாகப் பேர் வாங்கவில்லை. இரத்தம் நிற்காமல் கசிவதற்குக் காரணம் அது விடும் ஹிருடின் போன்ற பொருள், இரத்தத்தை உறைய விடாது. பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பித் தள்ளுங்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். சொறிந்து புண்ணாக்கினால்தான் சீழ் வைக்கும். மலைக்குப் போகுமுன் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்ல பழக்கம், மழை வரும்வரை வேலை செய்யும்.

ஓடையில் குனிந்து வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் பையன்கள் மட்டும் கவனம். மூக்குக்குள் ஏறித் தங்கிவிடும் அட்டை ஒன்று உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடிக்கடி இரத்தம் வந்தால், ஏதோ ஊர்வது போலிருந்தால், "கடைசியாக எங்கே தண்ணி குடிச்ச?" என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.